ஆயுள் தண்டனை 14 ஆண்டு அல்ல

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளனின் விடுதலையைச் சொல்லிவிட்டு, ஒரு கட்டுரை '14 ஆண்டு முடிந்தால் ஆயுள் கைதி வெளியே வரலாம்' என்கிறது. தவறு. ஆயுள் என்றால் வாழ்நாள் முழுவதும்தான். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவர் 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்பதே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433ஏ (அதற்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது பிஎன்எஸ்எஸ்ஸில், பிரிவு 475). நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிக்கப்படும் நாட்கள் இந்த 14 ஆண்டுக் கணக்கில் சேராது. அதன்பின் விடுதலை கேட்கலாம், அவ்வளவே.

தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 161ஆம் பிரிவை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனால் ஆளுநர் அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1980 மாரு ராம் தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. இருந்தும் 2018 செப்டம்பரில் பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை அனுப்பிய பரிந்துரை ஆளுநரிடம் கிடப்பில் கிடந்து, குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிடப்பட்டு, கடைசியில் 2022 மே 18இல் உச்ச நீதிமன்றமே, முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142ஆம் பிரிவின் கீழ் அவரை விடுவித்தது.

ஆளுநர் வழியாக அல்லாமல் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அரசே விடுவிக்கும்போது பெரும்பாலும் சறுக்குவது எந்த அரசுக்கு அதிகாரம் என்பதில். விசாரித்துத் தண்டித்த நீதிமன்றம் இருக்கும் மாநிலம்தான். குற்றம் நடந்த மாநிலம் அல்ல. 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலை தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில் விசாரணை மும்பையில். ஆனால் குஜராத் அரசு குற்றவாளிகள் 11 பேரை விடுவித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.