பார்க்காமலே மாற்றச் சொல்கிறார்கள்!

மூணாறில் ஜனவரி விடியல். கார்க் கண்ணாடியில் உறைபனி. ஹீட்டரைத் திருகினால் வருவதோ சில்லென்ற காற்று. போடிமெட்டு ஏற்றத்தில் என்ஜின் வேறு திக்கித் திணறி உதறுகிறது.

எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரே பதில்: மாற்றிவிடலாம். காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரை மாற்று, எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்று, என்ஜினையே இறக்கு! ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் கூலன்ட் திரவம் இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒருவருக்கும் கை வராதா? கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜினும் சூடேறாது, ஹீட்டரும் சூடேறாது. அந்தச் சின்ன பாகத்தை யார் சோதித்தார்கள்? ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி அடுத்ததில் மாட்டினால், மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் சரியாக எரியாமல் என்ஜின் உதறுவது) கூடவே நகர்கிறதா என்று தெரிந்துவிடும். காலணா செலவில்லை! பிளக்கின் முனையில் படிந்திருப்பது கரியா, எண்ணெயா என்று பார்க்கக் கண் போதாதா? கூலன்ட் குறைந்துகொண்டே வந்து மிஸ்ஸிங்கும் சேர்ந்தால் என்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதையாவது சொன்னார்களா?

தேனிக்கு இறங்கினால் ஒரு தொகை, அடிமாலிக்குப் போனால் இன்னொரு தொகை. மாதச் சம்பளம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடுகிற வீட்டில் இதற்கு எங்கே போவது? பானெட்டைத் திறப்பதற்கு முன்பே எஸ்டிமேட் எழுதுகிறவரிடம் எந்த நம்பிக்கையில் வண்டியை விடுவது?