மண்டபத்துல அந்தப் பையன் சொன்னது தப்பில்லைங்க

கோத்தகிரி கல்யாண மண்டபத்துல நடந்ததை ஒரு வாரமா வாட்ஸ்அப்ல அரைச்சுக்கிட்டிருக்கீங்க. மேளச் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டு நின்ன பத்து வயசுப் பையனைப் பார்த்து ஒரு பெரியவர் "என்னடா, திமிரா?"ன்னு கேட்டார். அவன் "எனக்கு ஆட்டிசம் இருக்கு தாத்தா, சத்தம் வலிக்குது, வெளிய போய் உட்கார்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். (ஆட்டிசம்னா மூளை பிறவியிலேயே கொஞ்சம் வேற மாதிரி வளர்றது. சத்தம், தொடுதல், மத்தவங்களோட பழகுறது எல்லாம் அவங்களுக்கு வேற மாதிரி இருக்கும்.) அதுக்கு அவங்க அம்மாவை இந்தக் கிழி கிழிக்கணுமா? "உனக்கு ஆட்டிசம்னு பெத்தவளே பிள்ளைகிட்டச் சொல்லுவாளா?"ன்னு கேட்கிறீங்க.

சொல்லுவா. சொல்லணும். கத்தாம, கீழ விழுந்து புரளாம, தனக்கு என்ன பண்ணுது, என்ன பண்ணப் போறோம்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போன பிள்ளையை நான் மெச்சுவேன். அந்த மண்டபத்துல இருந்த பாதிப் பெரியவங்களுக்கு அது வராது.

நீங்க சொல்லலைன்னாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். பேர்தான் தெரியாது. குன்னூர்லேர்ந்து 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாந்தி எடுத்து, கோயம்புத்தூர் போய் தெரபின்னு ஒரு ரூம்ல பாசிமணி கோர்க்கிறது தான் மட்டும்தான், பெரியப்பா பையன் வர்றதில்லைன்னு அதுக்குத் தெரியாதா? பின் சீட்ல தூங்குதுன்னு நினைச்சு முன் சீட்ல பேசுறீங்களே, அது தூங்கலை.

எப்படிச் சொல்றதுன்னு தெரியாத பயம்னா, அது நியாயமான பயம். ஒரே நாள்ல உட்கார வச்சு முடிக்கிற பேச்சு இல்ல இது. ஏழெட்டு வயசுல பல குழந்தைங்க தன்னை மத்தவங்களோட ஒப்பிட ஆரம்பிச்சிடும். "எனக்கு மட்டும் ஏன்?"னு ஒரு கேள்வி வந்தா நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். கேட்கத் தெரியாத குழந்தைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கத்தி அழுது முடிச்ச சாயங்காலம் வேண்டாம், பரீட்சை சமயம் வேண்டாம், பிறந்தநாள் கண்டிப்பா வேண்டாம். சாதாரணமான ஒரு நாள், பத்து நிமிஷம். எதிரெதிரே உட்கார்ந்து "என் கண்ணைப் பாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க. டீ எஸ்டேட் பாதையில பக்கத்துல நடந்துக்கிட்டோ, கூட உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டோ பேசலாம்.

பேரைச் சொல்றதுக்கு முன்னாடி சில வாரம் அடித்தளம் போடணும். ஒரு தாள்ல நடுவுல கோடு. ஒரு பக்கம் 'எனக்கு ஈஸி', இன்னொரு பக்கம் 'எனக்குக் கஷ்டம்'. 'கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரின்னு மலை ரயில் ஸ்டேஷன் எல்லாம் வரிசையா தெரியும்' ஈஸி பக்கம். 'ஸ்கூல் ஸ்வெட்டர் கழுத்துல அரிக்குது, டீ ஃபேக்டரி சங்கு காது வலிக்குது' கஷ்டம் பக்கம். ஊட்டிக் குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டி எறியற பிள்ளைக்கு நாம வச்ச பேர் 'பிடிவாதம்'. உள்ள ஒரு காட்டன் காலர் சட்டை போட்டு, கழுத்து லேபிளை வெட்டிப் பார்க்க யாருக்கும் தோணலை. சரி, தாளுக்கு வர்றேன். அதே மாதிரி அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு எழுதணும். இல்லைன்னா அது குழந்தைக்குக் குற்றப்பத்திரிகை மாதிரி ஆயிடும்.

அப்புறம் பேர். நாலு வரி போதும்: "இப்படி ஈஸியும் கஷ்டமும் சேர்ந்து இருக்கிறதுக்கு ஒரு பேர் இருக்கு. ஆட்டிசம். நீ பிறக்கும்போதே உன் மூளை இப்படித்தான் வளர்ந்துச்சு. உன்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க." உடனே, அது கேட்கலைன்னாலும் சொல்லணும்: இது ஒட்டிக்கிற நோய் இல்ல, இதனால செத்துப் போக மாட்டே, யார் தப்பும் இல்ல. "எப்போ சரியாகும்?"னு கேட்டா பொய் சொல்லாதீங்க. போகாது, ஆனா கஷ்டமா இருக்கிறதுல பலது பழகப் பழகக் குறையும்.

'சூப்பர் பவர்'னு சொல்லாதீங்க. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கிற பிள்ளைங்க நிறைய. மறுநாள் கணக்குல முட்டை வாங்கினா, பவர் எங்க போச்சுன்னு தேடும். 'தெய்வக் குழந்தை'யும் வேண்டாம். சண்டை நடுவுல "நீ ஆட்டிசம், அதான் இப்படி"ன்னு சொல்லவே கூடாது. நாலு வாரம் போட்ட அடித்தளம் அந்த ஒரு வாக்கியத்துல போயிடும். பேசாத குழந்தைக்கும் படம் வச்சுச் சொல்லணும். வாய் பேசலைன்னா காது கேட்கலைன்னு அர்த்தம் இல்ல.

எல்லாம் சொன்ன பிறகு அது "சரி, டிவி போடட்டுமா?"ன்னு கேட்கும். போட விடுங்க. கேள்வி மெதுவா, குளிக்கும்போதோ பஸ்லயோ வரும். அண்ணன் தம்பிக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க. வெளியில யார்கிட்டச் சொல்லணும், வேண்டாம்னு முடிவு பண்றது குழந்தை. ரகசியம் இல்ல, ஆனா அவனோட விஷயம். அதைத்தான் மண்டபத்துல அவன் பண்ணினான்.

"மனசு உடைஞ்சு போயிடாதா?" இது கேட்க வேண்டிய கேள்வி. சில குழந்தைங்க அழும், "எனக்கு வேண்டாம்"னு கோபப்படும். சமாதானம் பேசாம பக்கத்துல இருங்க. ரெண்டு வாரமாகியும் தூக்கம், சாப்பாடு சரியில்லைன்னா டாக்டர்கிட்டக் காட்டுங்க. 2023-ல ஆட்டிசம் உள்ள 78 பல்கலைக்கழக மாணவர்கள்கிட்டக் கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. சின்ன வயசுலயே தெரிஞ்சுக்கிட்டவங்க வாழ்க்கையில கூடுதல் திருப்தியோட இருந்தாங்க. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கிறேன். மறைச்சு வச்சா நல்லதுன்னு சொல்ற ஆய்வை நீங்க காட்டுங்களேன்.

"முத்திரை குத்தாதீங்க"ன்னு ஒரு அக்கா. திமிரு, கிறுக்கு, மக்கு, அம்மா வளர்ப்பு சரியில்லை: இதெல்லாம் குத்தினது யாருங்க்கா?

"அதையே சாக்கா வச்சுப்பான்." வைப்பான். எந்தப் பிள்ளை சாக்கு சொல்லலை? "ஆட்டிசம், எழுத முடியாது"ன்னா, அஞ்சு வரி எழுதிட்டு ரெஸ்ட் எடுன்னு சொல்லுங்க, முடிஞ்சது.

"அந்தப் பையனோட அக்காவுக்கு வரன் பார்க்கிறாங்க, யோசிச்சாங்களா?" வந்துச்சு பாருங்க உண்மை! இத்தனை நாளா குழந்தை மனசு, குழந்தை மனசுன்னு உருகினது இதுக்குத்தானா? அவன்கிட்ட மறைச்சுடலாம்னு பார்த்தாலும் முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு. அடையாள அட்டையில அவன் போட்டோ பக்கத்துல அந்தச் சொல் அச்சாகி வருது. பத்தாவது பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு மனு போடும்போது எதுக்குன்னு அவனே கேட்பான். அப்போ என்ன சொல்றதா உத்தேசம்? சத்துணவுன்னா?

ஆட்டிசத்துக்குத் தடுப்பூசிதான் காரணம்னு ஒருத்தர். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட 1998 மருத்துவக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல வாபஸ் வாங்கிடுச்சுங்க ஐயா. அந்த அம்மா மேல பழி போட இன்னும் எதைத் தேடுவீங்க?

"எங்க காலத்துல இதெல்லாம் இல்ல"ன்னு எழுத வர்றவங்களுக்கு: இருந்துச்சு. மருத்துவ உலகம் 1943-லயே எழுதி வச்சிருக்கு. கல்யாணம் காட்சிக்குக் கூட்டிட்டுப் போகாம பின்கட்டுலயே வச்சிருந்த சித்தப்பா உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருந்திருப்பார். அவர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை, அவரும் யார்கிட்டயும் கேட்கலை.

அந்த 'ஈஸி, கஷ்டம்' தாளோட மாதிரி வேணும்கிறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, அனுப்புறேன். வரன் விஷயமா வர்ற மெசேஜுக்குப் பதில் கிடையாது.