வயது மட்டும் போதாது

'28 நாளில் கான்கிரீட் இறுகுவதுபோல மனிதனும் வயதாக ஆகத் தானே பக்குவப்படுவான்' என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. 28 நாள் என்பது பரிசோதனைக்கு வைத்த கணக்கு. ஈரம் இருந்தால் அதன் பிறகும் வலிமை கூடும். காய்ந்துவிட்டால் நாள் ஓடியும் பலனில்லை. கடலூர் சித்திரை வெயிலில், தளத்தின் மேல் பாத்தி கட்டி விட்ட தண்ணீர் மாலைக்குள் வற்றிப்போகும், சிமெண்ட் கரை மட்டும் வெளுத்து நிற்கும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்கச் சொல்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கிறது. பிள்ளைகளையும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் 'இனி அவன் பாடு' என்று விட்டுவிடுகிறோம். அந்த வயதில்தான் வீட்டில் யாராவது உட்கார்ந்து அவனோடு பேச வேண்டியிருக்கிறது.