ஊதிப் பார்த்த நம்பரை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்

"ஊதும் டெஸ்டில் 25க்குக் கீழே வந்தால் ஆபரேஷன் மயக்கத்தில் மூச்சுத் தொல்லையே வராது, இன்ஹேலரை நிறுத்திவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

பெரம்பூரில் வீசிங் இருக்கிற என் பெரியம்மா இதைப் படித்துவிட்டு, மூட்டு ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இன்ஹேலரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஃபீனோ என்ற அந்த டெஸ்ட், சுமார் 10 விநாடி ஒரே சீராக ஊதும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கிறது. பெரியவர்களுக்கு 25 பிபிபிக்கு (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவு) கீழே என்றால் மூச்சுக்குழாயில் ஒருவகை அழற்சி, அதாவது ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சார்ந்தது, இருக்க வாய்ப்பு குறைவு. 50க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். சிகரெட் பிடிப்பவருக்கு நம்பர் குறைந்தே காட்டும், ஆனால் மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகும் அபாயம் அவருக்குக் கூடுதல்! பீட்ரூட், கீரை சாப்பிட்டுவிட்டுப் போனால் நம்பர் ஏறலாம்.

மயக்க மருத்துவருக்கு முக்கியம், சமீபத்தில் சளி பிடித்ததா, ராத்திரி இருமலில் எழுகிறீர்களா, கடைசியாக எப்போது இழுத்தது என்பதெல்லாம், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்ஹேலரைப் பொதுவாக ஆபரேஷன் அன்று காலையிலும் எடுக்கத்தான் சொல்வார்கள். பெரியம்மாவின் மருத்துவரும் அதையேதான் சொன்னார்.