முதலாண்டு முடியும்வரை போனைப் பைக்குள் வையுங்கள்

இந்த வருஷம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையோ கும்பகோணமோ, எதுவானாலும் சரி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரும்போதே உங்களில் பலருக்குக் கை நன்றாக வரும். நடிகர் முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாகப் போட்டு ஏகப்பட்ட லைக் வாங்கியிருப்பீர்கள். "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே" என்று சொந்தக்காரர்கள் மெச்சியிருப்பார்கள். வினையே அந்தப் பாராட்டில்தான் தொடங்குகிறது. முதல் மாடல் ஸ்டடியில், அதாவது ஆளை எதிரே உட்காரவைத்து நேரில் பார்த்து வரையும் வகுப்பில், அதே கை திணறும். எதிரே ஒரு பெரியவர் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பார். தாளில் அவருக்குத் தலை பெருத்து, கால் குட்டையாகி, ஸ்டூலிலிருந்து வழுக்கி விழப்போகிறவர் மாதிரி வருவார். உடனே சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், மாடலைப் போனில் ஒரு கிளிக் எடுத்துக்கொண்டு போய், ஹாஸ்டலில் போட்டோமேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகத் தாளுக்குப் பெயர்த்து முடித்து, மறுநாள் சாரிடம் காட்டுகிறார்கள். நாலு வருஷப் படிப்பில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை என்பது என் கட்சி.

கன பரிமாணமுள்ள ஓர் ஆளைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவருவதுதானே நீங்கள் படிக்க வந்த வேலை? அதைப் போன் முந்திக்கொண்டு செய்துவிடுகிறது. அதுவும் அரைகுறையாக. நாலடி தூரத்தில் நின்று எடுத்தால் முன்னால் நீட்டிய முழங்கால் பூசணிக்காயாகும், பின்னாலிருக்கும் தோள் சுருங்கும். கறுத்த தோளின் நிழல் பக்கத்தில் தரையிலிருந்து ஏறும் செம்மண் நிற எதிரொளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். போட்டோவில் அந்த இடம் வெறும் கறுப்பு, இல்லையென்றால் சாம்பல்.

அந்தப் பெரியவர் ஏன் வழுக்கி விழுகிறார்? கையைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். உட்கார்ந்த மாடலின் உயரம் நாலடி என்றால் நீங்கள் பத்து, பன்னிரண்டு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஆறடிக்குள் போனால் தலையை நேராகவும் பாதத்தை மேலிருந்தும் பார்க்கிறீர்கள். இரண்டு பார்வை ஒரே தாளில் ஒட்டாது. அடுத்தது போர்டு. மடியில் படுக்கப் போட்டு வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே மேலே நீட்டி இழுக்கும். எடுத்து நிறுத்திப் பார்த்தால் தலை நீண்டிருக்கும். ஆகவே டாங்கியில் (உட்கார்ந்து வரையும் பெஞ்சு) போர்டைப் பார்வைக்கு நேராக நிறுத்துங்கள். கடைசியாக, பென்சிலால் அளவெடுக்கும்போது முழங்கையை மடக்காதீர்கள். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஒரு தலை அளவெடுத்து, அதே நீட்டலில் உடம்பை எண்ண வேண்டும். முழங்கை இரண்டு அங்குலம் மடங்கினால் போதும், தலைக்கு ஓர் அளவுகோல், உடம்புக்கு வேறோர் அளவுகோல் ஆகிவிடும். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதிக் கோணல் போய்விடும். ரப்பரைத் தொடவே வேண்டாம்.

ஸ்கெட்ச் விஷயத்துக்கு வருவோம். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுக்கவே பயப்படுவீர்கள். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்), 500 தாள் கட்டு ஒன்று வாங்குங்கள். பாதியாக வெட்டினால் ஆயிரம். ஓர் அட்டை, ஒரு கிளிப், ஒரு பால்பாயிண்ட் பேனா. பேனா ஏன் என்றால், பென்சில் கையில் இருந்தால் அழிப்பதிலேயே நேரம் போகும். தப்பான கோட்டை அப்படியே விட்டு, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எங்கே தப்பினோம் என்பது தாளிலேயே இருக்கும்.

நகரும் ஆளை எப்படி வரைவது என்று எல்லோரும் கேட்பார்கள். டீக்கடை முன்னால் நில்லுங்கள். மாஸ்டர் டீ ஆற்றும்போது வலது கை தலைக்கு மேலே போகும், இடது தோள் இறங்கும், உடம்பு முழுக்க ஒரு காலில் நிற்கும். ஒரு விநாடிதான். ஆனால் அடுத்த டீக்கு அதே நிலை அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். ஒரே தாளில் நாலு படம் ஆரம்பியுங்கள்: ஆற்றுவது, பால் ஊற்றுவது, வடிகட்டியைத் தட்டுவது, சில்லறை கொடுப்பது. எந்த நிலை வருகிறதோ அந்தப் படத்தில் நாலு கோடு சேர்த்துக்கொண்டே போனால், பத்து டீக்குள் நாலு ஆள் நின்றுவிடுவார்கள். முதலில் தோள் கோடு, இடுப்புக் கோடு, எடை தாங்கும் கால். முகம் கடைசியில், வராவிட்டாலும் பாதகமில்லை. ரயில்வே ஸ்டேஷனில் இன்னும் சுலபம். மூட்டையில் தலைவைத்துத் தூங்குகிறவர்களைப் போல அசையாத மாடல் கல்லூரியில்கூடக் கிடைக்க மாட்டார். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அந்தக் கெடு நல்லதுதான், கை விரைசல் படும்.

அவுட்டோர் வாட்டர்கலரில் தாளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பெயிண்ட் மாணவர் ரகமே போதும், தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் இருக்கட்டும். 200-க்குக் கீழே போனால் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் நிறம் தேங்கும். மெல்லிய தாள்தான் இருக்கிறதென்றால் முதல் நாள் இரவே நனைத்து, நாலு ஓரத்தையும் பசையுள்ள பழுப்புக் காகித டேப்பால் போர்டில் ஒட்டிக் காயவிடுங்கள். சாதாரண மாஸ்கிங் டேப் ஈரத்தாளில் பிடிக்காது. காலை ஆறரைக்கே இடத்தில் இருங்கள். முதல் பத்து நிமிஷத்தில் நிழல்களின் எல்லையைப் பென்சிலில் குறித்துவிட்டால், அதன்பிறகு வெயில் எங்கே நகர்ந்தாலும் அதைத் துரத்தாதீர்கள். பத்து மணிக்கு மேல் சித்திரை வெயிலில் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்துப் பரப்பும் நிறம், பாதி இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழும். அதைச் சரிசெய்ய தாள் பாதி காய்ந்த நிலையில் தண்ணீர் வைத்தால் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். ஒன்று முழு ஈரத்தில் தொடுங்கள், இல்லையென்றால் முழுசாகக் காயவிடுங்கள். தாளை நிழலில் வைத்துக்கொள்வதும் முக்கியம். நேர் வெயில் பட்டால் எல்லா நிறமும் வெளிறித் தெரியும், மேலே மேலே அடர்த்தி ஏற்றுவீர்கள். வகுப்புக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

சிற்பப் பிரிவுக்காரர்களிடம் போனுக்கு ஆதரவான வாதமே எடுபடாது. களிமண்ணில் தலை செய்கிறவருக்கு முன்முகப் போட்டோ ஒரு பிரயோஜனமும் இல்லை. காது துளையிலிருந்து மூக்கு நுனிவரை எவ்வளவு என்று அது சொல்லாது. கேலிப்பரில் (இரு முனைக்கு நடுவே தூரம் அளக்கும் கவைக்கருவி) அந்த அளவை எடுத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்டாண்டையும் மாடலையும் சேர்த்துத் திருப்பி, ஒவ்வொரு ஓரக்கோடாகச் சரிபார்த்தால்தான் மண்டை பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்று புரியும். (உள்கம்பியில் இரண்டு மரத்துண்டைச் சிலுவையாகக் கட்டித் தொங்கவிட மறந்தால், ராத்திரியோடு ராத்திரியாக மண் இறங்கித் தாடை கழுத்தில் உட்கார்ந்திருக்கும். அது தனிச் சோகம்.) பெயிண்டிங் மாணவர்களும் ஒரு தலையாவது மண்ணில் செய்து பார்ப்பது நல்லது.

சென்னைக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு எழும்பூர் மியூசியம் நடக்கிற தூரம். அங்கே வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சிவன் பாதிக்கு இரண்டு கை, உமை பாதிக்கு ஒன்று. முன்னால் நின்று ஒரு தாள், பிறகு நாலு அடி இடப்பக்கம் நகர்ந்து ஒரு தாள், வலப்பக்கம் ஒரு தாள். இடுப்பு வளைவு மூன்று தாளிலும் மூன்று விதமாக வரும். மெரினாவில் உழைப்பாளர் சிலையும் அப்படித்தான். 1959-இல் வைத்தது. நம் சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் கைவேலை. போட்டோ எடுப்பவர்கள் முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சுற்றிப் போய் அந்த முதுகுகளை வரையுங்கள்.

போட்டோ பார்த்து வரையவே கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள். சுவர் விளம்பரம், கல்யாண போர்ட்ரெய்ட் ஆர்டர், கோயில் வேலை என்று சம்பாதித்துத்தான் பலர் மெஸ் பில் கட்டுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டம் போட்டே செய்யுங்கள், நேரம் மிச்சம், ஆனால் காசையும் சரியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் படங்களைக் கல்லூரி அசைன்மென்டாக வைக்காமல் இருந்தால் போதும். மாடலை ஏழெட்டு மாதம் நேரில் பார்த்து வரைந்தபிறகு போட்டோவை எடுத்தால், அதில் எது பொய் என்று உங்களுக்கே தெரியும். அப்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு டீக்கடைக்குப் போய்விடுங்கள்.