எலிக்கு எப்போது மருந்து கொடுத்தார்கள்?

கணைய அழற்சியை, அதாவது செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையம் வீங்கிப் புண்படும் நோயை, ஒரு இலைச்சாறு குணமாக்கும், எலியில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. மருந்தியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் பலர் எனக்கே அனுப்பிக் கேட்கிறார்கள். எலி என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த எலிக்கு நோயை எப்படி வரவழைத்தார்கள், மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

நோயை வரவழைக்க ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது செருலீன் என்ற பொருள். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலில் இருந்து 1960களில் பிரித்தெடுத்தது. நம் குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். மணிக்கு ஒரு ஊசி என்று அளவுக்கு மீறிப் போட்டால், செரிமான நொதிகள் கணையச் செல்லுக்குள்ளேயே முடுக்கப்பட்டு அந்தச் செல்லையே அரிக்கும். செலவு குறைவு, அறுவை சிகிச்சை வேண்டாம், எல்லா எலியிலும் ஏறக்குறைய ஒரே விளைவு. ஆனால் வருவது பெரும்பாலும் லேசான வீக்கம். ஊசியை நிறுத்தினால் சில நாளில் தானே ஆறிவிடும். தானே ஆறுகிற நோயைச் சாறு ஆற்றியது என்றால் எப்படி நம்புவது?

கடுமையான நோய் வேண்டும் என்றால் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அதிக அளவில் செலுத்துவார்கள். கணையத் திசு அழியும், சரி. ஆனால் மனிதருக்கு முக்கியக் காரணங்கள் பித்தப்பைக் கல்லும் மதுவும்தான். மதுவை மட்டும் கொடுத்தால் எலிக்கு இந்த நோய் வருவதில்லை, கூடவே வேறொரு தாக்குதலும் வேண்டும். கல்லால் வருவதற்குக் கொஞ்சமாவது நெருக்கமானது, பித்த உப்பைக் கணையக் குழாய் வழியே செலுத்தும் முறை. கிளாட் பெர்னார் 1856லேயே நாயின் கணையக் குழாயில் பித்தநீரைச் செலுத்திப் பார்த்தார். கைப்பழக்கமும் பொறுமையும் கேட்கிற வேலை, அழுத்தம் மாறினால் முடிவும் மாறும். இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது நேரம். பல ஆய்வுகளில் மருந்தை நோய்க்கு முன்போ கூடவோ கொடுத்துவிடுகிறார்கள். மனிதர் மருத்துவரிடம் வருவதோ வலி தொடங்கிய பிறகுதான். நம் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அங்கே வலி தொடங்கினால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்? கரையில் இருப்பவர்களும் வாயு என்று நினைத்து ஒரு ராத்திரி கஷாயத்தில் ஓட்டுவது உண்டு. விலங்குகளில் நன்றாக வேலை செய்த லெக்சிபாஃபன்ட் என்ற மருந்து, மனிதரில் கடுமையான நோய்க்குச் சோதித்தபோது உறுப்புச் செயலிழப்பைத் தடுக்கவில்லை. 2001ல் வெளியான முடிவு அது. ஈஆர்சிபி, அதாவது வாய் வழியே கருவியை விட்டுப் பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் பார்க்கும் சிகிச்சை, செய்தபின் வரும் கணைய அழற்சியை மட்டும் ஆசனவாய் வழியாக வைக்கும் இண்டோமெதசின் என்ற அழற்சி குறைக்கும் மருந்து குறைக்கிறது. அங்கே ஆபத்து எந்த நேரத்தில் வருகிறது என்று மருத்துவருக்கு முன்பே தெரியும்.

அதனால் என் மாணவர்கள் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது, நோய் முற்றிய பிறகு மருந்து கொடுக்கும் ஒரு எலிக்குழுவையும் சேர்க்கச் சொல்கிறேன். செலவு கூடும், முடிவு பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் வரும். அந்த ஏமாற்றத்தையும் அப்படியே அச்சில் போடச் சொல்கிறேன்.