பீட்டர் தாம்சன் அமெரிக்காவில் வென்றதே இல்லையா?

"ஓபன் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியக் கோல்ஃப் வீரர் பீட்டர் தாம்சன், அமெரிக்க மண்ணில் ஒரு போட்டிகூட வென்றதில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பிரிட்டிஷ் ஓபன் என்றும் சொல்லப்படும் அந்தப் பட்டத்தை ஐந்து முறை வென்றது சரி. மற்றது தவறு.

1956-இலேயே டெக்சாஸில் ஒரு பிஜிஏ (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சுற்று) போட்டியை அவர் வென்றுவிட்டார். அப்புறம் வந்ததுதான் பெரிய கதை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க சீனியர் சுற்றில், 1985-இல் மட்டும் ஒன்பது பட்டங்கள்! அந்த ஆண்டுப் பரிசுப்பணப் பட்டியலிலும் அவரே முதலிடம். 1997-இல் அமெரிக்க வீரர் ஹேல் இர்வின் அந்த ஒன்பதைச் சமன் செய்தார். இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இளமையில் அமெரிக்காவில் அதிகம் ஆடாதவர், ஐம்பத்தைந்து வயதில் அங்கே போய் இப்படி ஆடியதை இல்லை என்று சொல்வது பெரிய அநியாயம்.

சந்தேகம் இருந்தால் பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் (அந்த சீனியர் சுற்றின் இன்றைய பெயர்) சாதனைப் பட்டியலிலும், உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேம் தளத்திலும் பார்க்கலாம். இந்தியன் ஓபனை மூன்று முறை வென்றவர் என்பதால் நம் ஊர்க் குழுக்களிலும் இந்தச் செய்தி வேகமாகப் பரவுகிறது. தயவுசெய்து இனி இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.